இட்லிக் கொப்பரைக்கு ஓர் இடம்

துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் ஒரு கண்டெய்னர் யார்டில் கிளாட்வினுக்கு வேலை. பெட்டி தூக்குகிற வேலை இல்லை. எந்தப் பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லுகிற வேலை. ஏசி அறையில் திரைகளுக்கு முன்னால் சாய்ந்துகொண்டு வாக்கிடாக்கியில், "அண்ணே, அந்த நாப்பதடிப் பெட்டியத் தூக்கி நாலாவது வரிசைல மேல வைங்க" என்பான். வெளியே வெயிலில் வீடு உயரக் கிரேன் ஒன்று உருண்டு போய் அப்படியே வைக்கும். தினமும் இப்படி நடந்தால், தான் சொன்னால் உலகம் கேட்கும் என்று ஒரு மனுஷனுக்குத் தோன்றத்தான் செய்யும். வீட்டில் கிரேன் கிடையாது. மனைவி ஜெப்ஸி இருந்தாள்.

வீடு இரண்டாவது மாடியில். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், கூடத்தின் வாலில் பில்டர் சமையலறை என்று சொல்லி விற்ற ஓர் இடுக்கு. அங்கே ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டுமென்றால் சமைப்பவர் முதலில் வெளியே வரவேண்டும். ஜன்னலைத் திறந்தால் உப்பளத்துக் காற்று வந்து முகத்தில் பூசும். மூடினால் வேர்வை பூசும். இந்த இடுக்கைப் பார்த்ததும் வேறு யாராக இருந்தாலும் பெருமூச்சு விட்டிருப்பார்கள். கிளாட்வின் கைகளைத் தேய்த்துக்கொண்டான். இடம் இல்லாத இடத்தில் இடம் கண்டுபிடிப்பது அவன் தொழில்.

தொழிலுக்குத் துணையாக யூடியூப்பில் ஒரு அம்மாள் கிடைத்தாள். அவள் குரலை இன்றைக்கும் அவனால் அப்படியே எடுத்துவிட முடியும். "ஹாஆய் ஃபிரெண்ட்ஸ்! குட்டிக் கிச்சனா? ஃபீல் பண்ணாதீங்க! மேல பாருங்க, ஸ்பேஸ் இருக்கு! கீழ பாருங்க, ஸ்பேஸ் இருக்கு! கார்னர மிஸ் பண்ணிட்டீங்களே ஃபிரெண்ட்ஸ்!" கிளாட்வின் மேலே பார்த்தான், கீழே பார்த்தான், கார்னரைப் பார்த்தான். அந்த அம்மாளின் குட்டிக் கிச்சன் தங்கள் மொத்த வீட்டை விடப் பெரிது என்பதை ஜெப்ஸிதான் பார்த்தாள்.

"அத்தான், அவ கிச்சன்ல அவ நடக்கா. நம்ம கிச்சன்ல நான் நிக்கத்தான் முடியும்."

"கான்செப்ட்டப் பாரு ஜெப்ஸி, கான்செப்ட்ட."

கான்செப்ட் வந்து இறங்கியது. அடுப்புக்கு மேலே மசாலா ரேக்கு. மூலையில், இழுத்தால் வெளியே வரும் கம்பிக் கூடைகள். கூடத்துச் சுவர் ஒன்றில் செங்கல் போலவே தெரியும் ஸ்டிக்கர். அதிலிருந்து தொங்கும் பிளாஸ்டிக் கொடி. உட்காரும் பலகையைத் தூக்கினால் உள்ளே சாமான் வைக்கிற சோபா. கம்பிக் கூடை வாங்கிய ஹார்டுவேர் கடையில் முப்பிடாதி அண்ணாச்சி பில் போட்டுக்கொண்டே கேட்டார், "தம்பிக்கு வீடு எங்க? கடக்கரைப் பக்கமா?"

"ஆமா அண்ணாச்சி. ஏன், இந்தக் கூடை நல்லா இருக்கும்லா?"

"நல்லாத்தான் இருக்கும்."

"ஒங்க வீட்டுலயும் இதுதானா?"

"எங்க வீட்டுல வெறும் கடப்பாக்கல்லுப் பலகைதான். விக்கிறதுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு" என்றார் அண்ணாச்சி, ஒளிவு மறைவில்லாமல். கிளாட்வின் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டு வந்தான்.

அடுத்தது ஜெப்ஸியின் சீர்ப் பாத்திரங்கள். ஜெப்ஸிக்கு ஊர் சாயர்புரம். அம்மா சின்ன வயதிலேயே போய்விட, வளர்த்து ஆளாக்கியது பெரியம்மை தங்கபுஷ்பம். தங்கபுஷ்பம் சீர் செய்தால் ஊரே சேர்ந்து செய்யும். அந்தப் பக்கம் யாரும் சும்மா பாத்திரம் தருவதில்லை; பேர் வெட்டித்தான் தருவார்கள். இன்னார், இன்ன ஊர் என்று விளிம்பில் பொடிப் பொடிப் புள்ளியாக இருக்கும். பேர் வெட்டியவர் என்றைக்காவது ஒரு நாள் வீட்டுக்கு வருவார். வந்தவரின் கண் முதலில் அடுப்படிக்குத்தான் போகும். தன் பேர் போட்ட பாத்திரம் புழக்கத்தில் இருந்தால், இந்த வீட்டில் தானும் புழக்கத்தில் இருப்பதாக அர்த்தம். இல்லாவிட்டால் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு.

கிளாட்வினுக்கு இந்த அர்த்தமெல்லாம் தெரியாது. அவன் கண்ணுக்குப் பாத்திரம் என்றால் உயரம், அகலம், எடை. யார்டில் எந்தப் பெட்டி என்றைக்கு வெளியே போகும் என்று அவனிடம் விவரம் இருக்கும். நாளைக்குப் போகிற பெட்டியை அடியில் வைத்து, அடுத்த மாதம் போகிறதை மேலே வைத்தால் முதலாளி தொலைத்துவிடுவார். வீட்டுப் பாத்திரங்களுக்கு யாரும் அப்படி விவரம் தரவில்லை. அதனால் கனமானது கீழே, லேசானது மேலே என்று அடுக்கினான். காலியாக எதையும் விடக்கூடாது என்பது அவனுடைய இன்னொரு சட்டம். தங்கபுஷ்பம் தன் பேர் வெட்டித் தந்த எவர்சில்வர் இட்லிக் கொப்பரைதான் இருந்ததிலேயே பெரியது. அதற்குள் ஒரு சருவம், சருவத்துக்குள் தூக்குச்சட்டி, தூக்குச்சட்டிக்குள் டம்ளர், டம்ளருக்குள் கரண்டி என்று திணித்து, மூடி போட்டு, மூலைக் கூடையின் அடித்தட்டில் உள்ளே தள்ளினான். அதன்மேல் மற்றவை ஏறின.

எதிர்வீட்டு அஸ்மாவுக்குக் காயல்பட்டினம், வீட்டுக்காரர் துபாயில். ஒரு நாள் கரண்டி இரவல் கேட்டு வந்தவள், ஜெப்ஸி அதை எடுப்பதற்காக நாலு பாத்திரத்தை இறக்கித் தரையில் வைப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"கிளாட்வின் தம்பி, ஒங்க வீட்டுல ஒரு கரண்டி எடுக்கணும்னா கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வேணும் போலருக்கே. ஏஜெண்டு யாரு, ஜெப்ஸியா?"

"சிஸ்டம் பழகுனா ஈஸி ராத்தா."

"பழகிட்டுச் சொல்லுங்க. அதுக்குள்ள அடுப்புல கொதிக்கிற எங்க ஆணம் அடிப்பிடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு, கரண்டி வாங்காமலே போய்விட்டாள்.

வீட்டுப் பிரதிஷ்டை அன்றுதான் வினை வந்தது. சர்ச்சிலிருந்து வந்த ஐயர் ஜெபித்து முடித்ததும் பந்தி. எல்லாருக்கும் பேப்பர் தட்டு, பேப்பர் டம்ளர். கழுவ வேண்டாம், அடுக்க வேண்டாம் என்று கிளாட்வின்தான் ஏற்பாடு செய்திருந்தான். தங்கபுஷ்பம் தட்டைக் கையில் வாங்கினாள். அடுப்படியை எட்டிப் பார்த்தாள். எல்லாமே மூடியிருந்தது.

"மாப்ள, நாங்க செஞ்ச சீரு ஒண்ணையும் காணலியே?"

இதற்கு ஆயிரம் பதில் உண்டு. கிளாட்வின் உண்மையைத் தேர்ந்தெடுத்தான். "உள்ளதான் கெடக்கு அத்த. வெளிய வச்சா எடத்த அடைக்கி."

தங்கபுஷ்பம் தட்டை அப்படியே கீழே வைத்தாள். "நல்லது. நாங்களும் எடத்த அடைக்க வேண்டாம்" என்று எழுந்தவள், சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டாள். பின்னாலேயே பெரியப்பா ஜேசுபாதம், வாயில் பாதி வடையோடு. ஓய்வு பெற்ற டிரில் வாத்தியார். முப்பது வருஷமாக விசில் ஊதியவர், வீட்டில் மட்டும் ஊதினது கிடையாது.

அதற்கப்புறம் போன் இல்லை, வருகை இல்லை. கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய பலகாரம் போன டப்பாவிலேயே திரும்பி வந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது ஜெப்ஸிக்கு ஏழாவது மாதம்.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டார் வந்து அழைத்துப் போக வேண்டும். ஜெப்ஸிக்குத் தாய்வீடு என்றால் தங்கபுஷ்பம்தான். அவள் வந்து கூப்பிடாமல் தானாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க முடியாது. கிளாட்வினின் அம்மா கோயம்புத்தூரில் மூத்த மகன் வீட்டில் மூட்டுவலியோடு இருக்கிறாள். கிளாட்வினுக்கோ ஷிஃப்ட் வேலை. பெரியம்மை வராவிட்டால், வலி எடுக்கிற நேரத்தில் ஜெப்ஸிக்குப் பக்கத்தில் அந்த இழுப்புக் கூடைகள்தான் இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜேசுபாதம் போன் பண்ணினார். எங்கேயோ ஒளிந்து நின்று பேசுகிற குரல்.

"தோத்திரம் மாப்ள. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. நாளைக்குக் காலைல முதல் பஸ்ல வாரோம். அவ திருமண்டல ஆபீஸ்ல சோலி இருக்குன்னு சொல்லுதா. சனிக்கெழமை ஆபீஸ் லீவுன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலைச் சாப்பாடு ஒங்க வீட்டுல. பாத்துக்கிடுங்க."

ஜெப்ஸி அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு காரியம் சொன்னாள். "அத்தான், அந்தக் கொப்பரைய எடுங்க. நாளைக்கு அதுலதான் இட்லி அவிக்கணும். அவ வரும்போது அது அடுப்புல இருக்கணும்."

"எடுத்துருவோம்."

"இப்பமே எடுங்க."

"இப்ப எடுத்தா மேல உள்ளது பூரா கூடத்துக்கு வரும். ராத்திரி நீ எங்க படுப்ப? வண்டி கேட்டுக்கு வந்த பொறவு பெட்டிய எடுக்கதுதான் மொற. முன்னாடியே எடுத்து வச்சா யார்டு அடைச்சுக்கிடும்."

"அது பெட்டி இல்லத்தான். அது பெரியம்மை."

"காலைல அஞ்சு நிமிஷத்துல எடுத்துத் தாரேன். ஒலகத்துல உள்ள பெட்டியெல்லாம் எடுக்கேன், ஒரு கொப்பரைய எடுக்க மாட்டேனா?"

ஜெப்ஸி வயிற்றில் கை வைத்தபடி சுவரில் சாய்ந்தாள். "எனக்குப் பயமாருக்கு. வலி எடுக்கும்போது நீங்க வேலைக்குப் போயிருவிய. நாளைக்கும் அவ சாப்பிடாம எந்திரிச்சிட்டான்னா அப்புறம் வரவே மாட்டா." சாய்ந்த இடம் செங்கல் ஸ்டிக்கர். பின்னாலிருந்து சர்ரென்று கிழிகிற சத்தம் கேட்டது. இரண்டு பேருமே கேட்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் கிளாட்வின் பனியனோடு களத்தில் இறங்கினான். குனிய முடியாத ஜெப்ஸி, நின்றபடியே சின்ன இட்லிக் குக்கரில் ஒரு ஈடு முன்னெச்சரிக்கையாக ஊற்றி வைத்திருந்தாள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. தன்மேல் நம்பிக்கை இல்லை என்றுதானே அர்த்தம்? மேலே இருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கினான். கடைசியில் மூலைக் கூடையின் கைப்பிடியைப் பிடித்து, யூடியூப் அம்மாள் சுண்டுவிரலால் இழுப்பது போலவே ஸ்டைலாக இழுத்தான்.

அசையவில்லை.

இரண்டு கையால் இழுத்தான். காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு இழுத்தான். குனிந்து பார்த்தால், கூடை ஓடுகிற தண்டவாளம் இரண்டும் காப்பிப்பொடி நிறத்தில் பூத்துப் போயிருந்தன. கடற்காற்றில் நிற்கும் பெட்டிகளைத் துருப்பிடித்துவிட்டதா என்று தினமும் பார்க்கச் சொல்லி ஆள் அனுப்புகிறவன்தான் கிளாட்வின். தன் வீட்டு ஜன்னல் வழியாக வந்ததும் அதே காற்றுதான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. இன்னொரு முறை தம் பிடித்து இழுத்தான். கைப்பிடியும் முன்பலகையும் அவன் கையோடு வந்துவிட்டன. கூடை உள்ளேயே இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

பலகையைக் கையில் பிடித்தபடியே கதவைத் திறந்தான். தங்கபுஷ்பம் அவனையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள். "தோத்திரம். தச்சு வேலையும் ஆரம்பிச்சிட்டீயளோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்தாள். ஜெப்ஸியின் வயிற்றை ஒரு பார்வை பார்த்தாள். முகத்தில் என்னவோ அசைந்தது, உடனே இறுக்கிக்கொண்டாள். பார்வையைச் சுவருக்குத் திருப்பினாள்.

"இந்தச் சொவருக்குப் பூச்சு வேல இன்னும் முடியலியா? செங்கலு தெரியுது."

"அது டிசைன் அத்த. ஸ்டிக்கர்."

"ஓகோ. பூசின சொவத்துல பூசாத மாதிரி ஒட்டுததுக்கும் துட்டா?" கிழிந்து தொங்கிய மூலையைச் சுண்டு விரலால் தொட்டாள். அது மேலும் கொஞ்சம் இறங்கியது.

ஜேசுபாதம் சோபாவில் உட்கார்ந்து, பஸ்ஸில் வந்த களைப்புக்குக் காலை நீட்டினார். கிளாட்வின் அவர் முன்னால் வந்து நின்று நெளிந்தான். "மாமா, கொஞ்சம் எந்திரிங்க. ஒங்களுக்குக் கீழதான் காப்பித்தூள் இருக்கு." எழுந்தார். உட்கார்ந்தார். "மாமா, சக்கரையும்..." எழுந்தார். மூன்றாவது முறை அவன் வாயைத் திறப்பதற்குள் அவரே எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டார். "பரவால்ல மாப்ள, நமக்கு நின்னு பழக்கம்தான்."

தங்கபுஷ்பம் உட்காரவில்லை. நேராக அடுப்படி வாசலுக்குப் போனாள். அடுப்பில் சின்னக் குக்கர். தரையில் பாத்திரக் குவியல். மூலையில் பல் விழுந்த வாய் மாதிரி ஓர் ஓட்டை.

"இட்லி இதுலதான் அவிக்கியளோ?"

ஜெப்ஸியின் கண் நிரம்பிவிட்டது. கிளாட்வின் போன தடவையும் உண்மையைத்தான் சொன்னான். கிடைத்த பலன் நினைவிருந்தது. ஆனால் வேறு எதுவும் கைவசம் இல்லை.

"அத்த, கொப்பரை அந்த மூலைல இருக்கு. எடுக்கத்தான் பாத்தேன். கூடை துருப்பிடிச்சு மாட்டிக்கிட்டு. இது... அதோட கதவு." கையிலிருந்த பலகையைக் காட்டினான்.

தங்கபுஷ்பம் பலகையை வாங்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகினாள். "ஏங்க, என்ன வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிய? இங்கன வந்து புடிங்க."

சத்தம் கேட்டு அஸ்மா தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்துவிட்டாள். "அல்லாவே, கப்பலு தரை தட்டிருச்சா? எண்ணெய விடுங்க தம்பி, எண்ணெய விடுங்க!" எண்ணெய் ஊற்றி, ஜேசுபாதம் பழைய பழக்கத்தில் "ஒன், டூ" சொல்ல, கிளாட்வின் இழுக்க, கூடை கிறீச்சென்று பாதி தூரம் வந்து நின்றது. அந்தப் பாதி வழியாகக் கையை விட்டு ஒவ்வொன்றாக உருவினார்கள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. தங்கபுஷ்பம் பாத்திரங்களுக்கு நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வந்து விழுந்ததையெல்லாம் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இது செந்தூர்வேல் சாரு குடுத்தது. பாத்திரத்த விடப் பேரு பெருசு. பட்டமெல்லாம் சேத்து வெட்டியிருக்காரு பாரு."

"அவரு பிஎட்ட முடிக்கல. அதையும் வெட்டியிருக்காரு" என்றார் ஜேசுபாதம், மெதுவாக.

"இது ஆரு? முத்துக்கனி! அடிப்பாவி, கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வந்து மூணு பந்தி சாப்ட்டுட்டு இந்த ஒத்த டப்பாவத் தந்துட்டுப் போனா. ஏளா ஜெப்ஸி, இவ மவளுக்கு இப்பம் மூணாவது பிள்ள."

"அப்படியா பெரியம்ம?" ஜெப்ஸிக்குக் குரல் திரும்பியிருந்தது. தரையில் உட்கார முடியாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இந்தச் சின்ன டப்பா நல்ல கனமா இருக்கே. ஆருது?" என்றாள் அஸ்மா.

"அது எங்க கொழுந்தியா. கனமாக் குடுப்பா, அதுக்குமேல கனமாப் பேசுவா."

ஒரு வருஷத்துக்கு மேலாக அனுப்பாத சேதியெல்லாம் சட்டி சட்டியாக வெளியே வந்துகொண்டிருந்தது. யார் வீட்டில் பிள்ளை, யார் வீட்டில் சாவு, யார் யாரோடு பேசுவதில்லை. கிளாட்வினுக்கு ஓர் ஆச்சரியம். அவன் உயரம் பார்த்து வைத்த சாமான்களுக்கு இத்தனை சொந்தக்காரர்களா? யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைத்தான். பிறகு, நேற்றைக்குத்தான் ஒருத்தி சொன்னாள் என்று ஞாபகம் வந்தது.

கடைசியாகக் கொப்பரை. கிளாட்வின் அதை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். விளிம்பில் 'அ. தங்கபுஷ்பம் ஜேசுபாதம், சாயர்புரம்' என்று மின்னியது. மூடியைத் திறந்தாள். உள்ளே சருவம், சருவத்துக்குள் சட்டி, சட்டிக்குள் டம்ளர். எல்லாவற்றையும் எடுத்து முடித்து அடியைத் தடவினாள். கடைக்காரன் ஒட்டிய சீட்டுகூட அப்படியே இருந்தது.

"ஒரு ஈடு அவிக்கல, இல்ல?"

"இல்ல பெரியம்ம" என்றாள் ஜெப்ஸி.

"சரி. இப்பம் அவிப்போம்."

கொப்பரையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தாள். கம்பீரமாக உட்கார்ந்தது. தட்டு வைக்கலாம் என்று மூடியைத் தூக்கினாள். மூடி மேலே போய் மசாலா ரேக்கில் டங்கென்று முட்டியது. சாய்த்துத் தூக்கினாள். முட்டியது. பக்கவாட்டில் உருவினாள். ஒரு மஞ்சள்பொடி டப்பா சரிந்து அவள் தோளில் கொட்டியது. மூடியைத் தூக்க முடியாத கொப்பரையில் இட்லியை வைக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. கான்செப்ட்டில் இது இல்லை.

"ரேக்கக் கழட்டிருவோம் அத்த" என்று கிளாட்வின் உள்ளே நுழைந்தான். அதே நேரம் மஞ்சளைத் துடைக்கத் துணி எடுத்துக்கொண்டு ஜெப்ஸியும் வந்தாள். கிளாட்வின் வழிவிடப் பின்னால் நகர்ந்தான். ஃபிரிட்ஜ் முதுகில் இடித்தது. தங்கபுஷ்பம் திரும்பினாள், கொப்பரை விலாவில் இடித்தது. ஜெப்ஸி மேடைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் வயிற்றோடு மாட்டிக்கொண்டாள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. துணியைப் பிடித்தபடி அப்படியே நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தாள்.

தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தாள். அந்த வயிற்றைப் பார்த்தாள். முட்டுகிற ரேக்கு, திறக்காத ஃபிரிட்ஜ், ஓட்டை மூலை, எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம், இறங்க இடம் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காமல் எங்கேயோ போய்விட்டது.

"நான் ஒரு கோட்டி. வீடு இம்புட்டுத்தான்னு தெரியாம அம்மாம் பெரிய கொப்பரைய எடுத்துட்டேன்" என்றாள். பிறகு ஜெப்ஸியின் கையைப் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் திருப்பி வெளியே எடுத்தாள். "இங்க நீயும் கொள்ளல, கொப்பரையும் கொள்ளல. ரெண்டு பேரும் ஊருக்கு வாங்க. பிள்ளையப் பெத்து, மூணு மாசம் ஆகி, அப்புறமா வந்தாப் போதும். மாப்ள, நீங்க என்ன சொல்லுதிய?"

மாப்பிள்ளை வேகமாகத் தலையை ஆட்டினான்.

"அப்பம் அந்தச் சின்னக் குக்கர் இட்லியக் கொண்டா. பசிக்கி" என்று சொல்லிவிட்டு, பாத்திரங்களைக் காலால் ஒதுக்கி உட்கார்ந்தாள். ஜேசுபாதம் அவளுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். அஸ்மா வீட்டிலிருந்து இடியாப்பமும் ஆணமும் வந்தது. எல்லாரும் எவர்சில்வர் தட்டில் சாப்பிட்டார்கள். தங்கபுஷ்பம் ஐந்து இட்லி சாப்பிட்டதைக் கிளாட்வின் எண்ணவில்லை. ஜெப்ஸிதான் எண்ணி அவன் காதில் சொன்னாள்.

அப்புறம்தான் அவனுக்கு விளங்கியது, பெரியம்மையும் ஒரு யார்டு பிளானர்தான் என்று. கிளம்புவதற்கு முன்னால் அஸ்மாவைச் சேர்த்துக்கொண்டு அடுப்படியைப் பிரித்து மேய்ந்தாள். "தெனம் எடுக்கது கைக்கு நேரா. எப்பமாவது எடுக்கது பரண்ல. கம்பிக் கூடைய எடைக்குப் போடுங்க. அந்த மூலைல ஒரு கல்லுப் பலகை போட்டாப் போதும், ஒரு காத்தும் ஒண்ணும் செய்யாது." பாதிப் பாத்திரத்தைச் சாக்கில் கட்டினாள். "இதெல்லாம் எங்க வீட்டு மச்சுல இருக்கட்டும். வேணும்னா வந்து எடுத்துக்கிடுங்க. எடுத்தாத் திரும்பக் கொண்டாந்து வச்சிரணும்."

யார்டில் இடம் போதாதபோது பெட்டிகளை ஊருக்கு வெளியே இன்னொரு இடத்தில் கொண்டு போய் வைப்பது கிளாட்வினுக்குத் தெரிந்த வழிதான். ஆனால் அங்கே பெட்டியை எடுக்கப் போனால் யாரும் சோறு போட்டு, "இருந்துட்டுத்தான் போணும்" என்று உட்கார வைக்க மாட்டார்கள். இனி ஒரு சருவம் வேண்டுமென்றால் சாயர்புரம் போய், சாப்பிட்டு, திட்டு வாங்கி வரவேண்டும். ஒரு குட்டி யானை வண்டியில் சாக்குகள் ஏறின. முன்சீட்டில் ஜெப்ஸி, மடியில் தலையணை. பக்கத்தில் பெரியம்மை, மடியில் கொப்பரை. பின்னால், சாக்குகளுக்கு நடுவில் ஜேசுபாதம். வண்டி கிளம்பும்போது ஜெப்ஸி திரும்பிப் பார்த்து, "அத்தான், நேரத்துக்குச் சாப்புடுங்க" என்றாள். எதில் என்று சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் கிளாட்வின் வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டான். மேடை முழுக்கக் காலி. மூலை காலி. சோபாவுக்கு அடியில்கூட ஒன்றும் இல்லை. இந்த வீட்டில் இவ்வளவு இடம் இருந்திருக்கிறது. யூடியூப் அம்மாள் பார்த்தால் கைதட்டியிருப்பாள். அவன் அடுப்படியின் நடுவில் நின்று, ஃபிரிட்ஜை முழுதாகத் திறந்து மூடிப் பார்த்தான். எதுவும் இடிக்கவில்லை. அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

காப்பி போடலாம் என்று பாலை அடுப்பில் வைத்தான். சர்க்கரையைக் காணோம். ரேக்கில் நேர் வரிசையில், பார்வைக்கு ஒரே மாதிரி எவர்சில்வர் டப்பாக்கள்; அவன் ஒட்டி வைத்திருந்த வரிசை எண் ஸ்டிக்கரையெல்லாம் யாரோ சுத்தமாகத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். போன் போட்டான். தங்கபுஷ்பம்தான் எடுத்தாள்.

"சக்கரையா மாப்ள? முத்துக்கனிக்குள்ள இருக்கு."

"எது அத்த முத்துக்கனி?"

"பேரு வெட்டியிருக்கும்லா. வாசிங்க."

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்து விளிம்பைப் படித்தான். செந்தூர்வேல், மிளகாய்ப்பொடி. கனத்தது கொழுந்தியாதான், துவரம்பருப்பு. சின்ன எழுத்து, கண் கூசியது.

"கெடச்சுதா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன் அத்த. இந்த முத்துக்கனி எப்படி இருப்பாங்க?"

அந்தப் பக்கம் ஜெப்ஸி சிரிக்கிற சத்தம் கேட்டது. "என்னது, முத்துக்கனியத் தெரியாதா?" என்று தங்கபுஷ்பம் உட்கார்ந்து ஆற அமர ஆரம்பித்தாள். அவளுக்கு ஊர் நாசரேத்து, கட்டிக்கொடுத்தது ஆழ்வார்திருநகரி, மாமியாரோடு ஒத்துப் போகவில்லை... பால் பொங்கி வழிந்தது. கிளாட்வின் ஒரு கையால் அடுப்பை அணைத்துவிட்டு, "ம்... சொல்லுங்க அத்த" என்றான்.